படிவத்தில் மனநலம் பற்றிக் கேட்டால் என்ன எழுதுவது?

கேள்வி: நான் தக்கலையைச் சேர்ந்த செவிலியர், வயது 28. மனச்சோர்வுக்கு மூன்று ஆண்டுகளாக மாத்திரை எடுத்து வருகிறேன், இப்போது நலம். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் விண்ணப்பத்தில் ‘மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘இல்லை’ என்று எழுதச் சொல்லும் ஏஜென்ட், 6,000 ரூபாய்க்குச் சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்த ஏஜென்டிடம் உங்கள் ஓ.பி. சீட்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள், மற்றவை பிறகு.

கேட்காத இடத்தில் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் கேட்டிருக்கும்போது ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடாதீர்கள். பின்னாளில் உங்களை வெளியே அனுப்ப நினைப்பவருக்கு உங்கள் நோயைவிட அந்தப் பொய்தான் வசதியான காரணமாக அமையும். ‘இப்பணிக்குத் தகுதியான உடல்நலத்துடனும் மனநலத்துடனும் இருக்கிறேன், மருத்துவ விவரம் தேவையெனில் நிறுவன மருத்துவரிடம் நேரில் தெரிவிக்கிறேன்’ என்று எழுதுங்கள். அதற்குத் துணையாக, உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவரிடமே, நோயின் பெயரைக் குறிப்பிடாமல், செவிலியர் பணிக்குத் தகுதியுடையவர் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. வேலை தரும் நிறுவனம் தொலைபேசியில் விசாரித்தால் உங்கள் மருத்துவர் சொல்லக் கூடாது. ஏஜென்டை அப்படிக் கட்டிப்போட எதுவும் இல்லை. என்னிடம் வந்த மார்த்தாண்டம் பக்கத்து இளைஞர் ஒருவர், ‘இவருக்கு எக்காலத்திலும் மனநோய் இருந்ததில்லை’ என்ற சான்றிதழை இப்படித்தான் விலைக்கு வாங்கியிருந்தார். ஊதா முத்திரை பளிச்சென்று இருந்தது. தேதியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் குறிப்பிட்டிருந்த புறநோயாளிப் பிரிவு திறக்காத நாள். பதிவு எண் வேறொரு மருத்துவருடையது. வேலை போனதோடு, போலிச் சான்றைப் பயன்படுத்தினார் என்ற புகாருக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. விற்றவரின் கைபேசி அணைந்து கிடந்தது. ‘எக்காலத்திலும் இல்லை’ என்று நேர்மையான எந்த மருத்துவராலும் எழுத முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், இப்படிப்பட்டவர்களை அடையாளம் காண அது போதும்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கும் ஏஜென்டுகள் நுழைந்துவிட்டார்கள். அரசுப் பணிக்கு மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் நோயை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தரும் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதத்தை மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அதற்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும். தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும், நோய் நீடித்த காலத்தையும் வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ஒழுங்காக வேலைக்கும் போகிறவருக்கு அந்த மதிப்பெண் எட்டுவது கடினம். நலமாக இருக்கப் பாடுபட்டவரையே வெளியே நிறுத்தும் இந்தக் கணக்கை வகுத்தவர்கள் ஒருமுறையாவது சான்று வாங்கும் வரிசையில் நின்று பார்த்திருக்க வேண்டும். இதைச் சாக்காக வைத்து, ‘சான்று தரும் மருத்துவ போர்டுக்குப் போகுமுன் இரண்டு மாதம் மருந்தை நிறுத்து’ என்று யோசனை சொல்கிற தரகர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மருந்தை நிறுத்தி மறுபடி நோய் முற்றிய பிறகு, சான்று கையில் இருந்தாலும் அந்த வேலையைப் பார்க்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்த வழி உங்களுக்குத் தேவைப்படாது.

தனியார் நிறுவனம் நோயைக் காரணம் காட்டி மறுத்தால் சட்டத்தின் பலம் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பணியில் பாகுபாட்டை நேரடியாகத் தடுக்கும், அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைக் குறித்தே பேசுகிறது. ஆகவே, இரவுப் பணியால் உங்கள் தூக்கமும் மாத்திரை நேரமும் கெடும் என்றால், அந்தக் கோரிக்கையைப் பணி நியமன ஆணை கைக்கு வந்த பிறகு எழுத்தில் கொடுங்கள். நேர்காணலில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். பதற்றம் மிகுந்தால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை.