வாசகர் கேள்வி-பதில்: எல்லாப் பன்றிக்கும் ஒரே கலவையா?

கேள்வி: ஐயா, வணக்கம். புதுக்கோட்டைக்கு அருகே என் தம்பி பத்துத் தாய்ப்பன்றிகளை வைத்து வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறான். நான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. குட்டி, சினைப்பன்றி, விற்பனைக்கு வளர்ப்பது என எல்லாவற்றுக்கும் ஒரே கலவையைத்தான் கொடுக்கிறான். ஈன்ற பன்றிகள் எலும்பும் தோலுமாகின்றன. பால் மறந்த குட்டிகள் கழிந்தே சாகின்றன. குறை எங்கே இருக்கிறது?
— ஈசூன் வாசகி

பதில்: சகோதரி, குறை அந்த ஒரே கலவையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குட்டிகளின் கழிச்சலுக்கு நோயும் காரணமாகலாம் என்பதால், சாணத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆனால் தீவனத்தைத் திருத்தாமல் மருந்து மட்டும் வாங்கினால் பணம்தான் வீணாகும்.

முதலில் தாய்ப்பன்றியைப் பார்ப்போம். சினைக்காலம் சுமார் 114 நாள். அதன் பெரும்பகுதிக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2.5 கிலோ தீவனம் போதும். குட்டிகள் வயிற்றில் வேகமாக வளரும் கடைசி மாதத்தில் மட்டும் 3 கிலோ வரை கூட்டலாம். சினையாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு அள்ளிப் போட்டால், அது கொழுத்து, ஈனுவதற்குத் திணறி, ஈன்ற பிறகு தொட்டிப் பக்கமே வராது. உண்மையில் அது வயிறாரத் தின்ன வேண்டிய காலம் பாலூட்டும் காலம்தான். தனக்கு 2 கிலோ, ஒவ்வொரு குட்டிக்கும் சுமார் அரைக் கிலோ என்று கணக்கிட்டால், பத்துக் குட்டிகள் குடிக்கும் தாய்க்கு நாளுக்கு 7 கிலோ வருகிறது. அது கிடைக்காதபோது தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கும். உங்கள் தம்பி காணும் எலும்பும் தோலும் அப்படி வந்ததே. அவ்வாறு மெலிந்த பன்றி மறுபடி பருவத்துக்கு வரவும் தாமதமாகும். ஈன்ற அன்றே 7 கிலோவையும் கொட்டிவிடாமல், முதல் நாள் கொஞ்சமாகக் கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாக உயர்த்த வேண்டும். புதுக்கோட்டை வெயிலில் உச்சிப்பொழுதில் பன்றி தின்னாது; விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும், தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொடுத்தால் கூடுதலாகத் தின்னும்.

அளவு சரிதானா என்பதை அறியத் தராசு தேவையில்லை. பன்றியின் முதுகிலும் இடுப்பிலும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தினால் எலும்பு தட்டுப்பட்டால் நல்ல நிலை. அழுத்தாமலே கண்ணுக்குத் தெரிந்தால் மெலிவு. எவ்வளவு அழுத்தியும் தெரியாவிட்டால் கொழுப்பு. வாரம் ஒரு முறை இப்படித் தொட்டுப் பார்ப்பவர் தீவனத்தை வீணாக்க மாட்டார்.

அடுத்தது குட்டி. பன்றியின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி தாயிடமிருந்து குட்டிக்குப் போவதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. ஒரு கிலோகூட எட்டாத சிறு குட்டியை வலியவை தள்ளிவிடும். அதைக் கையில் எடுத்துக் காம்பில் பிடிக்க வைப்பதற்கு ஓர் ஆள் அந்த இரவு விழித்திருக்கத்தான் வேண்டும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால், முதல் மூன்று நாளுக்குள் இரும்பு ஊசியும் அவசியம்.

பத்தாம் நாள் வாக்கில், தாய்க்கு எட்டாத மூலையில், எளிதில் செரிக்கும் குட்டித் தீவனத்தை ஒரு கைப்பிடி வைத்துப் பழக்க வேண்டும். புரதம் 20 முதல் 22 விழுக்காடு இருக்கட்டும். மீன்தூளோ பால்பவுடரோ கலந்திருந்தால் நன்று. நான்கு வாரத்தில் தாயைப் பிரிக்கும்போது தீவனத்தையும் அன்றே மாற்றக் கூடாது. தாயும் இல்லை, பாலும் இல்லை, பழகாத தீவனமும் வந்தால் அந்தச் சிறு குடல் எப்படித் தாங்கும்? ஒரு வாரம் பழைய தீவனத்தையே சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்துவிட்டுப் பிறகு மெல்ல மாற்றலாம்.

வளரும் பன்றிகளுக்கு 20 முதல் 50 கிலோ எடை வரை புரதம் 16 முதல் 18 விழுக்காடும், அதற்கு மேல் விற்பனை வரை 14 விழுக்காடு அளவும் போதும். கடலைப் புண்ணாக்கை மட்டும் நம்பினால், வளர்ச்சிக்குத் தேவையான லைசின் என்ற புரதக் கூறு குறையும். சோயாப் புண்ணாக்கையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: நான் அந்தக் காலப் பொங்கோலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். கம்பத்து (கிராமத்து)ச் சீனர்கள் பெரிய இரும்புச் சட்டியில் ஆகாயத்தாமரையையும் நறுக்கிய வாழைத்தண்டையும் அவித்துப் பன்றிக்குப் போட்ட மணம் இன்றும் நினைவிருக்கிறது. அப்படிச் செய்தால் செலவு மிச்சமாகாதா?
— பொங்கோல் வாசகர்

பதில்: வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பன்றி வைத்திருந்த கம்பத்துக்கு அது நல்ல வழியாகத்தான் இருந்தது. 1970களில் கிராஞ்சிப் பகுதியின் பன்றிப் பண்ணைகள் நீர்த்தேக்கத்தின் தூய்மைக்காகப் பொங்கோலுக்கு மாற்றப்பட்டன. 1984இல் அரசு பன்றி வளர்ப்பையே படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. அந்த மக்களின் உழைப்பை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் ஆகாயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அதைக் கொடுத்தால் வயிறு நிறையுமே தவிர, சத்துச் சேராது. சினைப்பன்றிக்கோ அது பொருந்தும்: தீவனம் அளவோடு இருக்கும் அந்த நாள்களில் வயிறு நிறைந்து அமைதியாகப் படுக்கும், மலச்சிக்கலும் வராது.

கேள்வி: சேலத்தில் என் மாமா கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டைப் பன்றிகளுக்குப் போடுகிறார். தவறா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இறைச்சி கலந்த எச்சில் உணவை அப்படியே போடுவது ஆபத்து. 2001இல் பிரிட்டனைச் சூறையாடிய கோமாரி நோய்க்கு, சரியாகச் சூடாக்காத எச்சில் உணவே தொடக்கமாக இருந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. அங்கே பிறகு அதற்குத் தடையும் வந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமியும் பன்றி இறைச்சியில் நெடுநாள் உயிரோடிருக்கும். 2023 ஏப்ரலில் இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து இங்கே வந்த பன்றிகளில் அந்நோய் கண்டதும் இறக்குமதி நிறுத்தப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது மனிதர்களைத் தொற்றாது. ஆனால் பண்ணையில் புகுந்தால் சிகிச்சை இல்லை. ஆகவே இறைச்சி சேராத சோறு, காய்கறி மட்டுமே வாங்கட்டும், அதையும் நன்றாகக் கொதிக்க வைத்து, சினை, வளரும் பன்றிகளின் தீவனத்தோடு பாதிக்கும் குறைவாகச் சேர்க்கட்டும். விருந்துச் சாப்பாட்டில் ஊறுகாய் உப்பும் கூடவே வரும். தண்ணீர் போதாத நாளில் அந்த உப்பே நஞ்சாகிப் பன்றி வலிப்பு வந்து விழும். பாலூட்டும் தாய்க்கு மட்டும் நாளொன்றுக்கு 25 லிட்டருக்கு மேல் தேவைப்படலாம். குழாயின் கீழ் ஒரு நிமிடம் பாத்திரம் பிடித்து, 2 லிட்டர் வருகிறதா என்று மாமாவை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.