சிபி ரேடியோவுக்குப் பெருக்கி தேவையா?

அமெரிக்காவில் லாரியில் தாங்கள் பொருத்திய சிபி ரேடியோ (பொதுமக்கள் குறைந்த தொலைவுக்குப் பேசிக்கொள்ளும் இருவழி வானொலி) இரண்டு கிலோமீட்டரைத் தாண்டவில்லை என்றும், அனுப்பும் திறனைக் கூட்டும் பெருக்கி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். 1983-இல் தனிநபர் உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டாலும், குரலை அலையில் ஏற்றி அனுப்பும் முறைகளில் ஏ.எம்.-க்கு 4 வாட், எஸ்.எஸ்.பி.-க்கு 12 வாட் என்ற திறன் உச்சவரம்பு இன்றும் நீடிக்கிறது. வெளிப்பெருக்கியை இணைப்பதே அங்கு விதிமீறல்.

கோளாறு பெரும்பாலும் ஆன்டெனாவில்தான் இருக்கும். அதைத் தாங்கும் பிடிமானத்தின் கீழுள்ள பெயின்டைச் சுரண்டி, வண்டியின் உலோகத்தோடு நேரடித் தொடர்பு ஏற்படுத்திய பின், எஸ்.டபிள்யூ.ஆர். அளவை (ஆன்டெனாவுக்கு அனுப்பும் ஆற்றல் எந்த அளவுக்குத் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்) முதலும் கடைசியுமான 1, 40 ஆகிய இரு சேனல்களிலும் பாருங்கள். முதல் சேனலில் அதிகமாக இருந்தால் ஆன்டெனா குட்டை, நாற்பதில் அதிகமானால் நெட்டை என்று பொருள். இரண்டிலும் 2-க்குக் கீழே இறங்கும்வரை நீளத்தைத் திருத்துங்கள். (எனக்கு அந்தச் சுரண்டலே போதுமானதாக இருந்தது.)

கைப்பேசி வந்தபின் ஓட்டுநர்களின் 19-ஆம் சேனலிலேயே பேச்சு குறைந்துவிட்டதால், பதில் வராததை எல்லாம் கருவியின் குறையாகக் கொள்ள வேண்டாம்.