காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வேளச்சேரி): எங்கள் வீடு பேருந்துச் சாலையை ஒட்டிய முதல் தளத்தில் இருக்கிறது. ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமா உண்டு. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கப் போனால் 9,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய் வரை விலை சொல்கிறார்கள். என்ன வேறுபாடு என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் '99.97%' என்பதைப் பார்த்து வாங்காதீர்கள். 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் அத்தனை சதவீதத்தை, காற்று ஒருமுறை அதன் வழியே செல்லும்போது, ஹெப்பா வடிகட்டி பிடித்துக்கொள்கிறது என்பதே அதன் பொருள். அறையிலுள்ள காற்று அத்தனையும் சுத்தமாகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அறைக்குப் பயன்படும் எண் வேறு. ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைக் கருவி தரும் என்று சொல்லும் 'சி.ஏ.டி.ஆர்.' அளவு அது. பெரும்பாலும் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும்.

உங்கள் மகன் உறங்கும் அறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று இருக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறையாவது வடிகட்டப்படுவது நல்லது என்பதால், குறைந்தது 170 சி.ஏ.டி.ஆர். தேவை. இதே 170 அளவுள்ள கருவியை '500 சதுர அடிக்கு ஏற்றது' என்றும் விற்க முடியும். அவ்வளவு பெரிய கூடத்தில் காற்று மணிக்கு ஒரு முறைக்குச் சற்று மேல்தான் வடிகட்டப்படும் என்பதை விளம்பரம் சொல்லாது. குறிப்பிடப்படும் சி.ஏ.டி.ஆர். பொதுவாக உச்ச வேகத்தில் அளந்தது என்பதும், அந்த வேகத்தின் இரைச்சலில் பிள்ளை உறங்க மாட்டான் என்பதும் இன்னொரு கணக்கு. ஆகவே 250 அல்லது 300 அளவுள்ளதை வாங்கி, நடுத்தர வேகத்தில் ஓட விடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். 50 வாட் கருவி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 12 யூனிட் மின்சாரம் ஆகும். அது பெரிய செலவன்று. வடிகட்டிதான் செலவு. கருவியின் விலையைக் கேட்கும்போதே மாற்று வடிகட்டியின் விலையையும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் கேட்டு, மூன்றாண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். மலிவாகத் தோன்றிய கருவி அந்தக் கூட்டலில் சில சமயம் விலை உயர்ந்ததாகிவிடும்.

காற்றிலுள்ள துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றும் 'அயனைசர்' வசதி இருந்தால் அதைத் தனியே அணைத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். அவற்றில் சில ஓசோனை வெளியிடும். ஓசோன் ஆஸ்துமாவைத் தூண்டும். ஹெப்பா துகளைப் பிடிக்குமே தவிர, சாலையிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களைப் பிடிக்காது. அதற்கென வைக்கும் கரி அடுக்கு பல கருவிகளில் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. நாள் முழுவதும் சன்னல்களை அடைத்து வைப்பதும் சரியன்று. காலை, மாலை நெரிசல் நேரத்தில் சாலைப்பக்கச் சன்னலை மூடிவிட்டு, பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் திறந்து விடுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு அதே அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தினால் வாங்கிய கருவி வீண். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. சாம்பிராணியையும் ஊதுவத்தியையும் அந்த அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கொசுவுக்கு வலை போதும்.

கேள்வி (அண்ணா நகர்): கைப்பேசியில் ஒரு செயலி காற்றுத் தரக் குறியீட்டை 154, 'உடல்நலத்துக்குக் கேடு' என்று காட்டியது. அதே வேளையில் அரசின் செயலி 100, 'திருப்திகரம்' என்றது. எது பொய்?

பதில்: இரண்டும் பொய்யன்று, அளவுகோல்தான் வேறு. காற்றில் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகள், இருப்பதாகக் கொள்ளுங்கள். இந்தியக் குறியீட்டில் அது சரியாக 100, அதாவது 'திருப்திகரம்' என்ற படியின் கடைசி எண். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் குறியீட்டில் அதே காற்று 154. வெளிநாட்டுச் செயலிகள் பல இரண்டாவதைப் பின்பற்றுகின்றன. மேலும் அரசின் குறியீடு 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுவதால், இந்த மணி நேரத்தில் உங்கள் தெருவில் உள்ள புகையை அது உடனே காட்டாது.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்பதே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர வரையறை, பி.எம். 2.5 நாளொன்றுக்கு 60, ஆண்டுச் சராசரி 40 வரை இருக்கலாம் என்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் திருத்திய வழிகாட்டி எண்கள் முறையே 15, 5. உடனே 5-ஐ எட்ட முடியாத நாடுகளுக்கென அந்த அமைப்பே 35, 25, 15, 10 என்று இடைக்கால இலக்குகளைப் படிப்படியாகக் கொடுத்திருக்கிறது; நமது 40, அவற்றில் மிகத் தளர்வான முதற்படிக்கும் வெளியே நிற்கிறது. கடலோரத்தில் இருப்பதால் சென்னை டெல்லியைப் போல மூச்சு முட்டுவதில்லை. அந்த ஆறுதலோடு இந்தத் தளர்ந்த வரையறையும் சேரும்போது, கேடு விளைவிக்கும் காற்று தேர்வில் 'பாஸ்' ஆகிவிடுகிறது. வீட்டில் நீங்கள் முடிவெடுக்க மைக்ரோகிராம் எண்ணையே பாருங்கள். நிறத்தையும் அடைமொழியையும் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி (மதுரை): பதினான்கு மாதங்களுக்கு முன் இணையத்தில் ஒரு சுத்திகரிப்பான் வாங்கினேன். இப்போது மாற்று வடிகட்டி கேட்டால், 'அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது' என்கிறார்கள். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: வடிகட்டி இல்லாத சுத்திகரிப்பான் வெறும் மின்விசிறி. தேய்ந்து மாற்ற வேண்டிய உறுப்பை ஓராண்டிலேயே கிடைக்காமல் செய்தது சேவைக் குறைபாடு என்று வாதிட உங்களுக்கு இடம் இருக்கிறது. விளம்பரத்தில் 'பல ஆண்டு உழைக்கும்' என்ற வாசகம் இருந்தால் அதன் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மிகாத வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை வைத்தால் காற்று சுத்தமாகும் என்கிறார்களே?

பதில்: அழகுக்கு வையுங்கள். சன்னல் வழியே நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக, செடிகள் வாயுக்களை அகற்ற வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து செடிகள் வேண்டும் என்று 2019-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கணக்கு வாயுக்களுக்கு மட்டுமே; நுண்துகள் தனி விஷயம்.

கேள்வி (எண்ணூர்): எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பாதிப் பேரால் சுத்திகரிப்பான் வாங்க முடியாது; வாங்கினாலும் அனல் மின் நிலையங்களுக்கு நடுவில் அது என்ன செய்யும்? வரையறையைக் கடுமையாக்கச் சொல்லிச் சாதாரண மக்கள் எங்கே போய்க் கேட்பது?

பதில்: நாடு முழுமைக்குமான காற்றுத் தர எண்ணை 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுக்கிறது. அதை மாற்றச் சொல்லி அவ்வாரியத்துக்கும், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதலாம். ஆனால் உங்கள் ஊருக்கு அதைவிட அருகில் ஒரு பிடி இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் 3(2)-ஆம் விதி, ஓர் இடத்தின் நிலையைக் கருதி, குறிப்பிட்ட ஒரு தொழிற்சாலைக்குப் பொது வரையறையைவிடக் கடுமையான வரையறையை மாநில வாரியமே காரணங்களை எழுதி விதிக்க இடம் தருகிறது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நீங்கள் கொடுக்கும் மனுவில் இந்த விதியின் எண்ணைக் குறிப்பிடுங்கள். 'மாசைக் குறையுங்கள்' என்ற பொதுவான வேண்டுகோளுக்கு 'ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுதிவிடலாம். விதியைக் காட்டிக் கேட்டதற்கு ஏற்றோ மறுத்தோதான் எழுத வேண்டியிருக்கும்.

தாளில் உள்ள வரையறை தானாக நடைமுறைக்கு வருவதில்லை என்பதற்கு அனல் மின் நிலையங்களே சான்று. அவற்றின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதிக்கப்பட்டது. காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப் போடப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கே கொடுக்கப்பட்டது. தேசியத் தலைநகர்ப் பகுதியிலிருந்தோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களிலிருந்தோ பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு 2027 டிசம்பர் இறுதி வரை கெடு இருக்கிறது; கடும் மாசுப் பகுதிகளுக்கு அருகில் இருப்பவற்றுக்கு நிலையத்துக்கு நிலையம் தனித்தனியே முடிவெடுக்கப்படும். கந்தக டை ஆக்சைடு காற்றில் போகும் வழியிலேயே நுண்துகளாக மாறுகிறது; வேளச்சேரிப் பையனின் அறையில் வடிகட்டியில் படிவதில் இதுவும் ஒரு பங்கு. உங்களைச் சுற்றியுள்ள ஒவ்வொரு நிலையமும் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது, புகைபோக்கியில் கடந்த ஓராண்டில் பதிவான அளவுகள் என்ன என்ற இரண்டையும் மாநில வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வரையறைகளைத் திருத்தும் வரைவு அறிவிக்கைகள் அரசிதழில் வெளியாகும்போது பெரும்பாலும் 60 நாள் வரை எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இந்த அவகாசத்தைத் தொழில்துறையினர் தவறவிடுவதில்லை, மூச்சு விடுகிறவர்கள்தான் தவறவிடுகிறோம். வரையறை மீறப்படுவதற்குச் சான்று கையில் இருந்தால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின், சென்னையில் இயங்கும் தென்மண்டல அமர்வை, வழக்குக்குக் காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அணுக வேண்டும்.

வாரியத்துக்கான மனுவைச் சங்கத் தீர்மானத்துடன் சங்கத்தின் பெயரிலேயே கொடுத்து ஒப்புகை பெறுங்கள். தகவல் மனுவை மட்டும் உறுப்பினர் ஒருவரின் பெயரில் போடுங்கள். அந்த உரிமையைச் சட்டம் குடிமக்களுக்கே தந்திருப்பதால், சங்கத்தின் பெயரைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால் ஒரு மாதம் வீணாகும்.