கம்பளி விரிப்பும் கொழும்பு ஈரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழைக்காலம் தொடங்கிவிட்டதை நான் வானத்தைப் பார்த்து அறிவதில்லை. எனக்கு வரும் கேள்விகளில் "நாற்றம்" என்ற சொல் அடிக்கடி தென்படத் தொடங்கும். இந்த முறையும் அப்படித்தான்.

வெள்ளவத்தை வாசகி: வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய கம்பளி விரிப்பு, மழை பெய்தால் நனைந்த நாயைப் போல மணக்கிறது. பல்கனியில் போட்டு, சலவைத் தூள் தூவிக் கழுவிவிடலாமா?

வேண்டாம், அம்மா. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதனால் கையை வைத்துப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. கடற்கரையோரத் தொடர்மாடியில், அதுவும் ஜூன் மாதத்தில், முழுவதும் நனைத்த விரிப்பு உலர நாட்கணக்கில் ஆகும். அதற்குள் அடியிலுள்ள பருத்தி நூலில் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு அந்த நூல் இற்றுப்போவதை யாராலும் தடுக்க முடியாது.

சலவைத் தூளில் இன்னொரு வம்பும் இருக்கிறது. அது காரத்தன்மை உடையது. பல தூள்களில் இரத்தம், முட்டை போன்ற புரதக் கறைகளைக் கரைக்கும் நொதிகளும் உண்டு. கம்பளியும் நம் தலைமயிரைப் போல ஒரு புரதம்தான். எது கறை, எது விரிப்பு என்று நொதிக்குத் தெரியாது. குளோரின் கலந்த வெளுப்பான் இன்னும் மோசம், நூலையே கரைத்துவிடும்.

செய்ய வேண்டியது இது. விரிப்பை இரண்டு கதிரைகளின் முதுகில் போட்டு, இருபுறமும் காற்றுப் படும்படி மின்விசிறியை ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். குளிரூட்டி உள்ள அறையாக இருந்தால் இன்னும் நல்லது. வெயில் எட்டிப் பார்க்கும் காலையில் அடிப்பக்கம் மேலே தெரிய ஓரிரு மணி நேரம் போடலாம். இவற்றைவிட முக்கியமான ஒன்று: நம் வீடுகளில் தினமும் தரையைத் துடைக்கிறோம், துடைத்த கையோடு விரிப்பையும் போட்டுவிடுகிறோம். நீங்கள் சொல்லும் நாற்றத்துக்கு மழையைவிட அந்த ஈரத் தரைதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். தரை நன்றாகக் காய்ந்த பிறகு விரியுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: விருந்தாளி பால்தேநீரைக் கொட்டிவிட்டார். உடனே என்ன செய்வது?

தேய்க்காமல் இருப்பது. கம்பளி நூலின் மேற்பரப்பில் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் உண்டு. ஈரத்தோடு தேய்த்தால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கறை போனாலும் அந்த இடம் சடை பிடித்தே நிற்கும். பழைய வெள்ளை வேட்டித் துண்டை மடித்து வைத்து அழுத்துங்கள், மேலே ஏறி நின்றாலும் தவறில்லை. துணி மாற்றி மாற்றி, தேநீர் வருவது நிற்கும்வரை செய்யுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். சுடுநீர் பாலின் புரதத்தை இறுக வைத்துவிடும்.

அதன் பின்னும் நிறம் இருந்தால், ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒற்றுங்கள். அடுத்து ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து ஒற்றுங்கள். தேநீர்ச் சாயத்துக்கு இந்த இலேசான புளிப்பு நல்லது, கம்பளியும் அதைத் தாங்கும். நிறமுள்ள தென்னை வினாகிரியைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வெறும் நீரால் ஒற்றி, உலர்ந்த துவாயை மடித்து வைத்து மேலே பாரம் ஏற்றிவிட்டு, மின்விசிறியைத் திருப்பி விடுங்கள்.

தொடங்குமுன், விரிப்பின் ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்க்க மறக்க வேண்டாம். துணியில் சாயம் ஏறினால் நீங்கள் எதுவும் செய்யாமல் இருப்பதே உதவி.

தெஹிவளை வாசகி: கோழிக்கறி சிந்திய இடத்தில் சவர்க்காரம் போட்டேன். மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது! விரிப்பு கெட்டுவிட்டதா?

இல்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து ஆலாத்தி கரைக்கும்போது நீர் ஏன் சிவக்கிறது? அதே காரணம்தான். மஞ்சளின் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். மேலே சொன்ன வினாகிரி நீரால் ஒற்றுங்கள், சிவப்பு அடங்கிவிடும். அப்பச் சோடாவும் காரம்தான், அதையும் எடுக்க வேண்டாம்.

மிஞ்சும் மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. அந்த நிறப்பொருள் ஒளியில் தானே மங்கும். கறை உள்ள இடத்தை மட்டும் வெயிலில் காட்டி, மற்றப் பகுதியை மூடிவைத்தால் விரிப்பின் சொந்த நிறம் தப்பும். பொறுமை வேண்டும். கம்பளி மஞ்சளை விரும்பிக் குடிக்கும், முழுவதும் போகும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். அடுத்த முறை முதலில் சோளமாவைத் தூவி எண்ணெயை எடுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்: சோபாவுக்கு அடியில் விரிப்பு வட்ட வட்டமாக மொட்டையாகிறது. நப்தலீன் உருண்டைகளைப் போட்டும் பயனில்லை.

சுவரில் பூசணி விதை போல ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும் சாம்பல் நிறக் கூடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? அவை அழுக்கல்ல, ஓர் அந்துப்பூச்சியின் புழு உள்ளே இருக்கிறது. சிலந்தி வலை, உதிர்ந்த மயிர், கம்பளி எல்லாம் அதற்குச் சாப்பாடு. யாரும் மிதிக்காத, வெளிச்சம் படாத இடமே அதற்கு வேண்டும். உங்கள் சோபாவின் அடி அதற்கு மாளிகை.

நப்தலீன் மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும். மின்விசிறி சுழலும் மண்டபத்தில் அதன் ஆவி உங்கள் மூக்குக்குத்தான் வரும். கைக்குழந்தை உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு நொதிக் குறைபாட்டால், அந்த ஆவி சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். வாரம் ஒரு முறை சோபாவை நகர்த்தி, விரிப்பின் இரு பக்கமும் தூசி உறிஞ்சியைப் பிடியுங்கள், சுவர்க்கூடுகளையும் சேர்த்து எடுங்கள். சிறிய விரிப்பென்றால் பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 பாகையில் உள்ள உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்து நனைந்துவிடும்.

கொள்ளுப்பிட்டி வாசகி: விரிப்பைத் தூக்கினால் அடியில் மாவு போலத் தூள்.

பின்புறம் துணி ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் அது முடிச்சிட்டு நெய்ததல்ல, துணியில் நூலைக் குத்தி இறப்பர்ப் பசையால் பிடித்தது. பசை முதுமையிலும் வெக்கையிலும் உதிர்கிறது. இதைத் தண்ணீரில் நனைக்கவே வேண்டாம். மீண்டும் பசை பூசலாம், ஆனால் செலவுக்கு ஏற்ற விரிப்புத்தானா என்று பாருங்கள்.

வத்தளை வாசகர்: புது விரிப்பு நூலாகக் கொட்டுகிறது.

சில மாதங்கள் கொட்டும். தூசி உறிஞ்சியில் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு, நூல் சாயும் திசையில் இழுங்கள். குஞ்சங்களின் பக்கம் போக வேண்டாம். தும்புத்தடியால் மாங்கு மாங்கென்று பெருக்கவும் வேண்டாம்.

மருதானை வாசகர்: கடைக்காரர் கம்பளி என்று சொல்லித்தான் விற்றார். எப்படி உறுதிப்படுத்துவது?

ஓர் இழையைப் பிடுங்கி, சாமணத்தில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். மயிர் கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை நூல். அப்படியானால் அந்துப்பூச்சியைப் பற்றிய கவலை உங்களுக்கு இல்லை, ரசீதை மட்டும் தேடி எடுங்கள்.