கத்தோலிக்கத் திருச்சபையில் “பிரதர்” என்றால் ஃபாதர் ஆவதற்கு முந்தைய நிலைதானே? கடைசிவரை பிரதராகவே இருப்பவர்கள் என்னதான் செய்வார்கள்?

இதே கேள்வியை 1992-ல் ஒருவரின் முகத்துக்கு நேராகவே கேட்டவன் நான். திருப்பத்தூர் பக்கம், சலேசியர் என்ற கத்தோலிக்கத் துறவற சபை நடத்திய ஒரு தொழிற்பள்ளியில் டர்னர் படிப்பில், அதாவது லேத் என்ற கடைசல் இயந்திரம் ஓட்டும் படிப்பில், சேர்ந்த முதல் வாரம். அப்போது எங்கள் ஊரெல்லாம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். நாங்கள் இந்துக் குடும்பம், சபை, பட்டம் எதுவும் தெரியாது. “பிரதர், நீங்க எப்ப ஃபாதர் ஆவீங்க?” என்றேன். அவருக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருக்கும். “எல்லாரும் பூசை வெச்சா லேத் யாருடா ஓட்டறது?” என்றார்.

குழப்பத்துக்குக் காரணம் நாம் கூப்பிடும் விதம்தான். ஃபாதர் ஆவதற்காகக் குருமடத்தில் படிக்கும் பையனும் பிரதர், துறவற சபையில் வாழ்நாள் சகோதரராக இருப்பவரும் பிரதர். முன்னவர் குருப்பட்டம் வாங்கியதும் ஃபாதர். பின்னவருக்கு அந்தப் பட்டம் கிடையாது, அது அவர் போகிற வழியும் இல்லை. துறவறத்துக்குப் பயிற்சி தரும் நவதுறவகத்தில் ஒரு வருடம் இருப்பார். அப்புறம் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள், அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகள். சில வருடங்கள் அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஆயுளுக்கும் சேர்த்து நித்திய வார்த்தைப்பாடு. அதே சபையில் ஃபாதராக இருப்பவரும் இதே வார்த்தைப்பாடுகளைத்தான் கொடுத்திருப்பார். பூசை வைப்பது, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பது இரண்டும் பிரதருக்கு இல்லை.

எங்கள் பிரதர் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அங்கி போட்டு நான் பார்த்ததில்லை. பேன்ட், அரைக்கைச் சட்டை, நகக்கண்ணில் எப்போதும் ஆயில் கறை. முதல் மாதம் முழுக்க அரம்தான். ஒரு இரும்புக் கட்டியைக் கொடுத்து நாலு பக்கமும் மட்டமாகத் தேய்க்கச் சொல்வார். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும், “இன்னும் தேய்.” திட்டெல்லாம் கிடையாது. அதுதான் கொடுமை.

ஒரு நாள், லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கிலிருந்து அதை முடுக்கும் சாவியை எடுக்காமலே லேத்தைப் போடப் போனேன். சுற்றத் தொடங்கியிருந்தால் அது தெறித்து யார் மண்டையைப் பிளந்திருக்குமோ. மெயினை அணைத்துவிட்டு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். “பத்து இருக்கு. சாயங்காலமும் எண்ணுவேன்.” எண்ணவும் செய்தார்.

என் மாமா புது ஆட்டோ வாங்கியபோது, மந்திரித்துத் தரச் சொல்லி அவரிடம் கொண்டுவந்தார். “தண்ணி தெளிக்கிறது ஃபாதர் வேலை, போய்க் கூட்டிட்டு வாங்க” என்றவர், ஃபாதர் வருவதற்குள் குந்தி உட்கார்ந்து பிரேக்கைச் சரிபார்த்துவிட்டார். மாமாவுக்கு எதில் அதிக நம்பிக்கை வந்தது என்று நான் கேட்கவில்லை.

வேலூர் மறைமாவட்டம் 1952-ல் உருவானது. முதல் ஆயரே சலேசியர்தான். அதனால் எங்கள் பக்கம் சலேசிய சபையைத் தொடங்கிய தொன் போஸ்கோவின் பெயர் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் வெளியே தெரிவதெல்லாம் ஃபாதர்கள்தான். கல்லூரி முதல்வர், பங்குத்தந்தை எல்லாம் அவர்கள். பட்டறை, தோட்டம், விடுதி, மருந்தகம் என்று இருக்கும் பிரதர்களின் பெயர் கல்வெட்டில் வராது. எனக்கு அது இன்றும் உறுத்தல். அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

2002-ல் பார்க்கப் போனபோது முதலுதவிப் பெட்டிக்கு மேல் புதிதாக ஒரு படம். ஆர்த்தெமிதே சாட்டி. இத்தாலியில் பிறந்து, பிழைப்புக்காக அர்ஜென்டினா போன குடும்பம். காசநோயிலிருந்து தேறி, சலேசிய பிரதராகி, வியத்மா ஊரில் சைக்கிளில் போய் ஏழை நோயாளிகளைப் பார்த்தவர். 1951-ல் இறந்தார். 2002-ல் அருளாளர் (புனிதருக்கு முந்தைய படி), 2022 அக்டோபர் 9-ல் புனிதர். அன்று படத்தைக் காட்டி, “இவரும் பிரதர்தான், பார்த்தியா” என்றார் எங்கள் பிரதர். அவர் பெருமைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சம்பளம்? வந்ததெல்லாம் சபைக்கு. ராணிப்பேட்டையில் வேலை கிடைத்து என் முதல் சம்பளத்தில் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அது சமையல்காரர் கையில் இருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு வருகிறதாம்.