சிம்டேகாவுக்கு ஒரு லீக் – கடிதம்

வணக்கம் அண்ணாச்சி,

ஜார்க்கண்டின் சிம்டேகா போல ஹாக்கியை இத்தனை காலம் தாங்கிப் பிடித்த ஏழை ஊர்களுக்கு, மாதச் சம்பளம் தரும் ஓர் உள்நாட்டு லீக் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் கோவில்பட்டிப் பக்கம் உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வருடமாகப் பெண்பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித் தருகிறேன். என்னிடம் ஆடியதிலேயே நல்ல ஃபார்வர்டு ஒருத்தி மாநில அணி வரை போனாள். பிளஸ் டூ முடிந்ததும் ஸ்டிக்கைக் கீழே வைத்தவள்தான். இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். ஹாக்கி இந்தியா லீக் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு? சின்ன ஊரில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? சம்பளத்துக்கு யார் பணம் தருவார்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மாணவிக்கு நடந்ததுதான் நான் அதை எழுதக் காரணம். பள்ளியும் விளையாட்டு விடுதியும் பதினெட்டு வயது வரை பார்த்துக்கொள்கின்றன. ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு கோட்டாவில் வேலை கிடைப்பது சிலருக்குத்தான். நடுவில் கிடக்கிற நான்கைந்து வருடத்துக்கு யாரும் பொறுப்பில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதை அப்பா காசில் கடந்துவிடும். மற்ற பிள்ளைகள் ஆட்டத்தை விடுவது அங்கேதான்.

இருக்கிற லீக் 2013இல் தொடங்கி, 2017உடன் நின்று, 2024 டிசம்பரில் திரும்ப வந்தது. பெண்களுக்கு முதல் பருவம் 2025 ஜனவரி 12 முதல் 26 வரை நடந்தது. நான்கு அணிகள், பதினைந்து நாள், எல்லா ஆட்டமும் ஜார்க்கண்டின் ராஞ்சியில். ஏலத்தில் இந்திய அணி வீராங்கனை உதிதா 32 லட்சம் ரூபாய்க்குப் போனபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த லீக் வேண்டும், நீடிக்கவும் வேண்டும். ஆனால் இந்திய அணியில் இருப்பவர்களுக்கும் அதன் வாசலைத் தொட்டவர்களுக்கும்தான் அங்கே இலை விழுகிறது. உங்கள் மாணவியின் பெயர் ஏலப் பட்டியலுக்கே வராது.

அந்த ராஞ்சி மைதானத்துக்கு ஜெய்பால் சிங் முண்டாவின் பெயர். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வென்றபோது அணித்தலைவர் அவர்தான், முண்டா பழங்குடியில் பிறந்தவர். அவருக்குப் பின் அந்தக் காட்டுப் பகுதி இந்திய அணிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தவே இல்லை. மைக்கேல் கிண்டோ, 1980 மாஸ்கோ தங்க அணியில் ஆடிய சில்வானஸ் டுங்டுங், பக்கத்து ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலிருந்து திலீப் திர்க்கி, குந்தி மாவட்டத்து நிக்கி பிரதான், சிம்டேகாவின் சலீமா டேட்டே. ஏறக்குறைய நூறு வருடம் கொடுத்துக்கொண்டே இருக்கும் மண் அது. அங்கே ஊரோடு இருந்து ஹாக்கி ஆடிப் பிழைக்க இன்னும் வழியில்லை.

யார் பார்ப்பார்கள் என்று கேட்டீர்கள். சிம்டேகா பக்கம் ஒரு கஸ்ஸி போட்டியைப் பார்த்திருக்கிறேன். கஸ்ஸி என்றால் கிடா. ஜெயிக்கும் அணிக்கு அதுதான் பரிசு. அறுப்பு முடிந்த வயலில் ஆட்டம், ஓரத்து முளையில் கிடாவைக் கட்டியிருந்தார்கள். மூங்கிலை நெருப்பில் வாட்டி வளைத்த ஸ்டிக் சிலரிடம் இருந்தது, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி. வெறுங்காலோடு ஆடிய ஒரு பெண், வரப்பு வெட்டிய இடத்தில் பந்து துள்ளும் என்று தெரிந்து, துள்ளுவதற்கு முன்பே மட்டையை உயர்த்திப் பந்தை அமர்த்தினாள். இது பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. சுற்றி நின்ற கூட்டம் நான்கைந்து ஊர்க் கூட்டம், எல்லாம் நடந்து வந்தவர்கள். சாயங்காலம் கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். லீக்குக்கு வேண்டிய பகையும் உறவும் அங்கே தயாராக இருக்கிறது. 2023 ஹாக்கி உலகக் கோப்பையின்போது ஒடிசாவின் ரூர்கேலாவில் இருபதாயிரம் பேர் உட்காரும் மைதானம் நிறைந்ததை நாடே பார்த்தது.

இனி பணம். பத்து அணி, அணிக்கு இருபது பேர், ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய், ஆறு மாதம் என்று வையுங்கள். மொத்தம் 3 கோடி. பயணம், பயிற்சியாளர், காயத்துக்கு வைத்தியம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகலாம். 2024 ஏலத்தில் ஒரே ஒரு ஆண்கள் அணி வீரர்களை எடுக்கச் செலவழிக்கலாம் என்று வைத்த வரம்பு 4 கோடி. எட்டு ஆண்கள் அணிகள் இருந்தன. பணம் இல்லாமலா இருக்கிறது தம்பி? மாநில அரசுகளும் அந்த மண்ணில் சுரங்கம் தோண்டும் கம்பெனிகளும் மனது வைத்தால் நடக்கிற தொகை இது.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்கவேண்டும். பருவம் முழுவதற்குமான சம்பளம் முதல் ஆட்டத்துக்கு முன்பே வங்கியில் கிடக்க வேண்டும். 2005இல் வந்த பிரீமியர் ஹாக்கி லீக் 2008இல் முடிந்தது. 2012இல் வந்த வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி ஒரே பருவத்தோடு போய்விட்டது. டிவி வருமானத்தை நம்பி ஓடும் லீக் நின்றால் உதிதா வேறு வழி பார்த்துக்கொள்வார். உங்கள் மாணவி மறுபடி தீப்பெட்டி ஆபீஸ் வாசலில்தான் நிற்பாள்.

அதேபோல், 'ஏழைகள் லீக்' என்று பெயர் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். யாரையும் தடுக்கவேண்டாம், ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். சிம்டேகா, குந்தி, சுந்தர்கர், உங்கள் கோவில்பட்டி. நகர மைதானத்துக்கு அவர்களை அழைத்துப் போகாமல், வாரத்துக்கு ஓர் ஆட்டம் அவரவர் ஊரில் நடக்கட்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் வந்ததிலிருந்து மண்ணில் ஆடும் பிள்ளை ஒரு படி பின்னாலேயே தொடங்குகிறது. அதனால் அணி இருக்கும் ஊரில் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானம், கட்டாயம். கோவில்பட்டியில் இருக்கிறது, சுந்தர்கரில் ஒன்றியந்தோறும் போடும் திட்டமே வந்தது.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். பிளஸ் டூவோடு ஆட்டத்தை விட்ட உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர், களத்தில் எந்த இடத்தில் ஆடினார்கள், இப்போது என்ன வேலை, தினக்கூலி எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம். சிம்டேகாவில் ஒரு பயிற்சியாளரிடமும் இதையே கேட்டிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த மாதம் வெளியிடுகிறேன்.

அன்புடன்.