ஹாம் சீஸ் டோஸ்ட்டுக்கு எத்தனை மார்க்?

கேள்வி: என் மகன் டப்ளினில் வேலை பார்க்கிறான். லீவு நாளானால் நண்பர்களோடு பப் பப்பாகப் போய் ஹாம் சீஸ் டோஸ்ட் சாப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். பிரெட்டுக்குள் கறியும் சீஸும் வைத்துச் சுட்டால் எல்லாம் ஒன்றுதானே, இதில் மார்க் போட என்ன இருக்கிறது?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: நிறைய இருக்கிறது சார். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கிற பண்டத்துக்குத்தான் நியாயமாக மார்க் போட முடியும். குழம்பு, பிரியாணி என்றால் ஆளுக்கு ஒரு மசாலா, எதை எதோடு ஒப்பிடுவது? டோஸ்ட்டில் பிரெட், வெண்ணெய், சீஸ், ஹாம் என்று நாலே பொருள். ஒன்று சரியில்லை என்றாலும் மறைக்க வழியில்லை, முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

டப்ளின் பப்புகளில் இது பழைய பழக்கம். பல பழைய பப்புகளில் பெரிய சமையலறை இருக்காது, கவுன்டருக்குப் பின்னால் ஒரு சின்ன கிரில் மெஷின்தான் இருக்கும். பீர் ஊற்றித் தருகிறவரே டோஸ்ட்டும் போட்டுத் தருவார். வெங்காயமும் தக்காளியும் சேர்த்தால் அதற்கு அங்கே ‘டோஸ்டட் ஸ்பெஷல்’ என்று பேர். சவுத் வில்லியம் தெருவில் இருக்கிற குரோகன்ஸ் பப் இந்த டோஸ்ட்டுக்கு ரொம்பப் பிரபலம். டிவி, பாட்டு எதுவும் கிடையாது, பேச்சும் பீரும் மஸ்டர்டு தொட்டுச் சாப்பிடுகிற டோஸ்ட்டும்தான். உங்கள் மகன் அங்கே போனாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மார்க் போடும்போது நான் பார்க்கச் சொல்வது இவைதான். பிரெட்டின் வெளிப்பக்கம் ஓரம் வரை ஒரே மாதிரி பொன்னிறமாக இருக்கிறதா, கடித்தால் சத்தம் வருகிறதா என்பதற்கே பாதி மார்க். அடுத்தது சீஸ், ஓரத்தில் வழிந்துவிட்டு நடுவில் ஜில்லென்று கிடந்தால் அவசர வேலை என்று அர்த்தம். ஹாம் என்றால் நறுக்கின கறியாகத் தெரிய வேண்டும், அச்சில் வார்த்த மாதிரி சதுரமாக, வழவழவென்று தண்ணீர் விட்டால் தயங்காமல் குறைக்கலாம். தக்காளி பிரெட்டை நனைத்துவிடும் என்பதால் ஒப்பிடுகிறவர்கள் எல்லா இடத்திலும் வெறும் ஹாம் சீஸே கேட்பது நல்லது, ஒரு கடையில் ஸ்பெஷல், இன்னொரு கடையில் சாதா என்று கேட்டால் அந்தக் கணக்கு செல்லாது. அப்புறம் முக்கியமானது, இரண்டாவது கிளாஸுக்கு முன்னால் மார்க் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு எல்லா டோஸ்ட்டும் பத்துக்குப் பத்துதான்.

கேள்வி: சேலத்தில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து இப்படி மார்க் போட ஆசைப்படுகிறோம். எதை எடுத்துக்கொள்ளலாம்?
- கல்லூரி மாணவி, பொன்னம்மாபேட்டை

பதில்: யோசிக்கவே வேண்டாம்மா, தட்டுவடை செட். இரண்டு தட்டுவடை, நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பக்கம் காரச் சட்னி, ஒரு பக்கம் பச்சைச் சட்னி. டப்ளினுக்கு டோஸ்ட் எப்படியோ சேலத்துக்கு செட் அப்படி, சாயங்காலம் ஆனால் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி நிற்கிற ஊரில் இருந்துகொண்டு வேறு எதையும் தேட வேண்டாம்.

முட்டை செட், நொறுக்கல், முறுக்கு செட், மாங்காய் செட் எல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் மார்க் போடுகிற அன்றைக்குத் தொடாதீர்கள். சாதா செட் மட்டும் கேளுங்கள். கேட்ட பிறகு கண் முன்னால் அடுக்குகிறாரா, முன்கூட்டியே அடுக்கி வைத்ததை எடுத்து நீட்டுகிறாரா என்று முதலில் கவனியுங்கள். அடுக்கி வைத்த செட்டில் சட்னி ஈரம் வடையில் இறங்கி மொறுமொறுப்பு போய்விடும், அது போனால் செட்டே இல்லை, நான் பாதிக்கு மேல் மார்க் தர மாட்டேன். வடையில் காறல் வாசனை வருகிறதா என்று தனியாக ஒரு துண்டு கடித்துப் பார்க்க வேண்டும். பழைய எண்ணெயைச் சட்னி மறைத்துவிடும், அதனால்தான் தனியாகக் கடிக்கச் சொல்கிறேன். சட்னி கெட்டியாக இருக்க வேண்டும், பச்சைச் சட்னியில் கொத்தமல்லி வாசனை மூக்குக்கு எட்ட வேண்டும். காரம் கூட, குறைய என்பது அவரவர் நாக்கு, அதற்கு மார்க் வேண்டாம். குகை, செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டை என்று நாளுக்கு ஒரு பேட்டையாகப் போங்கள். ஒரே சாயங்காலத்தில் நாலு கடை ஏறினால் கடைசிக் கடைக்காரருக்கு அநியாயம் செய்வீர்கள், வயிறு நிறைந்தவன் போடுகிற மார்க் அது.

கேள்வி: வீட்டில் தோசைக்கல்லில் சீஸ் டோஸ்ட் போட்டால் பிரெட் கருகுகிறது, உள்ளே சீஸ் உருகுவதில்லை. ஏன்?
- இல்லத்தரசி, தாதகாப்பட்டி

பதில்: தீ அதிகம். பிரெட் சிவக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், சீஸ் உருக 60, 65 டிகிரி போதும். ஆனால் அந்தச் சூடு பிரெட்டைத் தாண்டி உள்ளே போக நேரம் பிடிக்கும், நீங்கள் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. சீஸை ஃப்ரிட்ஜிலிருந்து முன்னாடியே வெளியே எடுத்து வைத்துத் துருவிப் போடுங்கள். வெண்ணெயை பிரெட்டின் வெளிப்பக்கம் மூலை வரை தடவி, சிறு தீயில் வைத்து மூடி போடுங்கள், கடைசியில் மூடியை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தீயைக் கூட்டினால் மொறுமொறுப்பு வந்துவிடும். எடுத்ததும் தட்டில் வைக்காதீர்கள், அடியில் ஆவி நின்று நமுத்துப்போகும். கம்பி வலை மேல் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

சீஸ் எது என்பதும் முக்கியம். நம் கடைகளில் கட்டியாகவும் ஸ்லைஸாகவும் கிடைப்பது பெரும்பாலும் புராசஸ்டு சீஸ். அதில் சேர்க்கிற உப்புகளால் எண்ணெய் பிரியாமல் சீராக உருகும், ஆனால் ருசி ஒரே தட்டையாக இருக்கும். செடார் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள், ருசிக்கு அது, உருகலுக்கு இது. மொசரெல்லா நூல் நூலாக இழுபடும், போட்டோவுக்கு அழகு, டோஸ்ட்டுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

கேள்வி: ஹாம் என்றால் பன்றிதானா? எங்கள் வீட்டில் ஆகாது. அதற்குப் பதில் என்ன வைக்கலாம்?
- வாசகர், கோட்டை

பதில்: ஆமாம், உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய பன்றித் தொடைக்கறிதான் ஹாம். வெளியே சாப்பிடும்போது கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சிக்கன் ஹாம் என்றும் விற்கிறார்கள், அந்தப் பேரில் வருவது கோழி, ஆனாலும் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். சைவம் என்றால் காளானை நறுக்கி, தண்ணீர் வற்றும் வரை வதக்கி, ஏற்காட்டு மிளகை இடித்துத் தூவி வையுங்கள். ஹாம் இல்லாத குறை அதில் ஓரளவு தீரும்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு விடுதியில் ஆறிப்போன டோஸ்ட் தந்தார்கள். சண்டை போடலாமா?
- வாசகர், ஓமலூர்

பதில்: சண்டை வேண்டாம். “தம்பி, இன்னொரு தடவை கல்லில் போட்டுக் கொண்டு வாங்க” என்று சொன்னால் போதும், பெரும்பாலும் செய்துவிடுவார்கள். 1500 மீட்டர் உயரத்துக் குளிரில் டோஸ்ட் சீக்கிரம் ஆறிவிடும், அதனால் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற மேஜையை விட்டுவிட்டு சமையலறைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: டப்ளின் மாதிரி தெருவுக்கு ஒரு பப் சேலத்தில் ஏன் இல்லை?
- வாசகர், ஐந்து ரோடு

பதில்: நம் ஊர்க் கதை வேறு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே சேலம் மாவட்டத்தில்தான். அதில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. பிறகு 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1983-ல் டாஸ்மாக் வந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். குடும்பத்தோடு உட்கார்ந்து டோஸ்ட் சாப்பிடுகிற பப் இங்கே வளர இடமே அமையவில்லை. அந்த இடத்தை நமக்கு டீக்கடையும் தள்ளுவண்டியும் நிரப்பின, எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கேள்வி: ஹாம் உடம்புக்குக் கெடுதலா?
- வாசகி, சூரமங்கலம்

பதில்: தினமும் சாப்பிட்டால் கெடுதல்தான். பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் அந்த ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணக்கு. உப்பும் அதிகம், பிரஷர் உள்ளவர்கள் கவனம். என்றைக்காவது ஒரு டோஸ்ட் என்றால் பயப்பட வேண்டாம். முதல் கேள்வி கேட்ட சார், இதை மட்டும் மகனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: தட்டுவடை செட்டைப் பார்சல் வாங்கினால் வீட்டுக்கு வருவதற்குள் ஊறிவிடுகிறது. வழி உண்டா?
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: உண்டும்மா. செட்டாகக் கட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வடை தனியாகக் காகிதத்தில், காய் தனியாக, இரண்டு சட்னியும் தனித்தனிக் கவரில். வீட்டில் சாப்பிடுகிற ஆள் தட்டோடு வந்து நின்ற பிறகு அடுக்குங்கள்.